யாரும் ‘போயிட்டு வாங்க’ சொல்லாத வாசல்

மனநல வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அனுபவம் என்று சொல்வதெல்லாம் செய்த தப்புகளைத் தலைசீவிப் பூவைத்துக் கொண்டுவந்து நிறுத்துவதுதான். நான் சீவாமலே கொண்டுவருகிறேன். மருந்து, ஊசி, பதிவேடு எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஒரே ஒரு கண்டக்டரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் சங்கரன். பெயரைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார், என்னைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு.

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது அது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மனநலத்துக்கென்று ஆறு கட்டில். வாரத்தில் வியாழக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து ஒரு டாக்டர் பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டு, நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஊரில் அவருக்குப் பெயரே வியாழக்கிழமை டாக்டர்தான். மற்ற ஆறு நாளும் நானும் ஓர் ஆயாம்மாவும்தான். எங்கள் கைக்கு அடங்காதவர்களை மதுரையில் ஒரு பெரிய வார்டுக்கு அனுப்புவோம். அங்கே தெளிந்ததும் எங்களிடம் திரும்பி வருவார்கள். சில நாள் வைத்திருந்து வீட்டுக்கு விடுவோம்.

சங்கரன் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக வத்திராயிருப்புக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முப்பது வயதிருக்கும். வீடு தளவாய்புரம். மனைவி பேச்சியம்மாள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு நைட்டி தைப்பவள். சங்கரனின் குரல் பஸ் ஹாரனைவிடப் பெரிது என்று அந்தத் தடத்தில் பேச்சு. அந்தக் குரலுக்காகவே அந்த வண்டிக்குக் காத்திருந்து ஏறுபவர்கள் உண்டு.

ஒரு ஐப்பசியில் அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு வாரம் கண் மூடவில்லை, ஆனால் களைப்பும் இல்லை. பேச்சு, பேச்சு, பேச்சு. வத்திராயிருப்பிலிருந்து திரும்பி வரும்போது, ஒரு பகலில், கிருஷ்ணன்கோவில் பக்கம் விசிலடித்து வண்டியை நிறுத்தினார். “எல்லாரும் கேட்டுக்கிடுங்க. இன்னைக்கு யாருக்கும் டிக்கெட் கிடையாது. வண்டி செண்பகத்தோப்புக்குப் போவுது. ஓடையில நல்லாக் குளிச்சிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போவோம்” என்று அறிவித்தார். பாதிப் பேர் பயந்துபோனார்கள். மீதிப் பேர் சரி என்றுவிட்டார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து கத்தரிக்காய்க் கூடையோடு வந்த ஒரு அம்மா, “மாத்துச்சேலை கொண்டாரலையே தம்பி” என்று வருத்தப்பட்டாளாம்.

டிரைவர் வேலுச்சாமி விவரமான ஆள். “சரி மாப்ள, ஓடைக்கே போவோம்” என்று சொல்லி, வண்டியை நேராக எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஐம்பது பயணிகளோடு ஒரு நோயாளி வந்து இறங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஓடை எங்கே என்று கேட்டபடி இறங்கிய சங்கரனின் முகம் எங்கள் போர்டைப் பார்த்ததும் மாறியது. வேலுச்சாமியை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அன்றே அவரை மதுரைக்கு அனுப்பினோம்.

மதுரையில் மூன்று வாரம். நன்றாகத் தெளிந்து, கையில் ஒரு கடிதத்தோடு எங்களிடம் வந்தார். டாக்டர் எழுத வேண்டியதையெல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். அதற்குக் கீழே, ஓரத்தில், பென்சிலால் வேறு ஒரு கையெழுத்து: “இவரை உட்காரச் சொல்லாதீர்கள். நின்றுகொண்டு பேசவிட்டால் தானே அடங்குவார்.” அங்கே இருந்த யாரோ ஒரு சிஸ்டர். பெயர் போடவில்லை. கடைசிவரை அவர் யார் என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. இதெல்லாம் ஒரு குறிப்பா என்று நினைத்து, கடிதத்தை ஃபைலில் செருகினேன். ஐந்து நாளும் அவரிடம் ஸ்டூலைக் காட்டி, “உக்காருங்க, உக்காருங்க” என்று உயிரை வாங்கினேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள், ‘போயிட்டு வாரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் அதைச் சொல்லக் கூடாது. சாவு வீடு, ஜெயில், ஆஸ்பத்திரி. அங்கிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். ஆஸ்பத்திரிக்காரர்களும் ‘போயிட்டு வாங்க’ என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. பிரசவ வார்டில் பயிற்சியின்போது ஒரு தடவை வாய் தவறிச் சொல்லி, ஒரு மாமியாரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கால் முறிந்து வந்தவருக்கு அந்த வழக்கத்தால் நஷ்டம் இல்லை. எங்கள் ஆட்கள் திரும்பி வந்தே ஆக வேண்டியவர்கள். வியாழக்கிழமைதோறும் வர வேண்டும், மாத்திரை தீரும் முன் வர வேண்டும், நன்றாக இருக்கிறது என்று தோன்றும்போதும் வர வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவள் நான். வாசலில் பேச்சியம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நிற்கிறாள். சங்கரனும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். என் கையில் வியாழக்கிழமைச் சீட்டு இருக்கிறது. “வாங்க” என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது, எனக்கும் ஊர் வழக்கம்தானே, உள்ளேயே போய்விட்டது. “உடம்பைப் பாத்துக்கோங்க” என்று மட்டும் சொல்லி, சீட்டைப் பையின் ஓரத்தில் செருகினேன். பதினைந்து நாள் மாத்திரை பைக்குள் இருந்தது. அவர்கள் போனார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் வியாழன் பெயரைக் கூப்பிட்டேன், ஆள் இல்லை. பதிவேட்டில் சிவப்பு மையால் ‘வரவில்லை’ என்று எழுதினேன். அடுத்த வியாழனும் அப்படியே. சிவப்பு மையில் எழுதிவிட்டால் வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதை நம்பவே நம்பாதீர்கள். நான் நம்பினேன். பையில் போட்டுக் கொடுத்தாயிற்று, வராவிட்டால் அவர்கள் பாடு என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அதற்கடுத்து இரண்டு வாரம் பதிவேட்டில் அந்தப் பெயரைத் தேடக்கூட இல்லை. ஐந்தாவது வியாழன் பகல் இரண்டரை மணிக்கு வேலுச்சாமி உள்ளே வந்தார். வாசலில் வண்டி ஸ்டார்ட்டிலேயே உறுமிக்கொண்டு நின்றது.

“சிஸ்டர், நம்ம பய இங்க வாரானா, இல்லையா?”

“வரல.”

“நான் நெனச்சேன். ரெண்டு நாளாத் தூங்கலைன்னு பேச்சி சொல்லுதா. காலையில இருந்து ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல நிக்கான். எல்லா வண்டிக்கும் இவனே ஆள் கூப்பிடுதான். விசில் இல்லாமலே விசிலடிக்கான் சிஸ்டர்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “பொங்கல் கழிச்சுக் கண்டக்டர் பையும் விசிலும் திருப்பித் தாரேன்னு மொதலாளி சொல்லியிருக்காரு. இன்னும் பத்து நாள்தான். அதுக்குள்ள இவன் ஏதாவது இழுத்துவிட்டாம்னா அம்புட்டுதான். வேற ஆளப் போட்டுருவாரு. அந்தப் பை இல்லைன்னா இவன் செத்துருவான்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பு என் பக்கம் இருக்கும்போது எனக்கு எப்போதும் முதலில் கோபம்தான் வரும். “நாங்க டிஸ்சார்ஜ் பண்ணியாச்சு. இனிமே அவங்கதான வரணும்? மாத்திரை குடுத்தோம், சீட்டுக் குடுத்தோம், வேற என்ன செய்ய?” என்றேன்.

வேலுச்சாமி கோபப்படவில்லை. “சிஸ்டர், மாத்து டிரைவர் வந்து நிக்காம நான் ஸ்டீரிங்க விட்டு எறங்க மாட்டேன். வந்தவன் கிட்ட ‘பிரேக் செத்த இழுக்குது, ரெண்டாவது கியரு மக்கர் பண்ணுது, பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுத்தான் எறங்குவேன். வண்டிய நடுரோட்டுல வுட்டுட்டு, சாவிய பயணி பையில போட்டுட்டேன்னு சொன்னா எவன் ஒத்துக்கிடுவான்? நீங்க அவன யார் கையில ஒப்படைச்சிய?”

வெளியே ஒருவர் ஹாரனை அழுத்திப் பார்த்தார். பயணிகள் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

யோசிக்க நேரம் இல்லாதபோது எது முதலில் போய்விடும் என்று மட்டும் பாருங்கள். அன்றைக்கு முதலில் போகப்போவது நாலு மணி பஸ்ஸும் அதில் டாக்டரும். அவர் போனால் அடுத்த வியாழன்தான். நேராக அவர் அறைக்குள் போனேன். “டாக்டர், நான் ராஜபாளையம் போறேன். திரும்பி வர்ற வரைக்கும் நீங்க கிளம்பக் கூடாது.”

“நாலு மணி பஸ்?” என்றார் பரிதாபமாக.

“அது நாளைக்கும் போகும்.”

இன்று நினைத்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. மாலை மூன்றரைக்கு அவர் மெல்லப் பையை எடுத்திருக்கிறார். எங்கள் ஆயாம்மா கதவை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வெற்றிலை போட்டாளாம்.

வெள்ளை யூனிஃபார்மோடு வண்டியில் ஏறினேன். அரை மணி நேரப் பயணம். என்ன சொல்லி அழைத்து வருவது என்பதுதான் யோசனை. பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்தால் கூட்டம் கூடும், நாங்கள் வந்து சேரும் முன்னே சேதி முதலாளி வீட்டுக்குப் போய்விடும். ஏதாவது பொய் சொல்லலாம். ஆனால் ஓடைக்குப் போவதாகச் சொல்லி ஒரு முறை ஏமாற்றியாயிற்று. அந்தப் பார்வையை இன்னொரு தடவை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை.

சங்கரன் பிளாட்பாரத்தின் நடுவில் நின்றார். “தென்காசி, தென்காசி! சங்கரன்கோவில் எறங்குறவுக இதுல ஏறாதிய! ஏட்டி பாப்பா, புள்ளையத் தூக்கிட்டு ஓடாத, வண்டி நிக்கும்!” ஒன்று சொல்ல வேண்டும், அவர் சொன்ன வண்டியெல்லாம் சரியான வண்டிதான். நேரம்கூடப் பிசகவில்லை. மற்ற கண்டக்டர்கள் சிரித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர் குரல் மட்டும் உடைந்துபோயிருந்தது. எனக்கு அழுகை வந்தது.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். “சிஸ்டர், நீங்க எங்க இங்க? ஏமாத்திக் கூட்டிட்டுப் போக வந்தியளா? இன்னைக்கு எந்த ஓடை?”

“ஓடையெல்லாம் இல்ல. ஆஸ்பத்திரிக்குத்தான். டாக்டர் இருக்காரு. நீங்க நாலு வாரமா வரல. வாங்கன்னு நானும் சொல்லல. அது என் தப்பு. அதான் கூப்பிட வந்தேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் நல்லாத்தான இருக்கேன்?”

“குரல் போயிருச்சே கண்டக்டர். பொங்கல் கழிச்சு இந்தக் குரல வச்சு எப்படி ஆள் கூப்பிடுவிய?”

அது எங்கோ தைத்தது. தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நான் பழக்கதோஷத்தில், “வாங்க, வண்டியில ஏறி உக்காருங்க” என்றேன். உடனே முகம் இறுகிவிட்டது. “உக்காரவா? நான் என்ன பயணியா? நான் வரல” என்று திரும்பிவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பென்சில் எழுத்து என் கண் முன்னால் வந்தது. மதுரையில் முகம் தெரியாத ஒருவர், அவரோடு மூன்று வாரம் இருந்து கண்டுபிடித்ததை எனக்கு எழுதி அனுப்பியிருந்தார். அதை ஃபைலில் தூங்கவிட்டவள் நான்.

“உக்கார வேண்டாம். நின்னுக்கிட்டே வாங்க. நானும் நிக்கேன்” என்றேன்.

வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “பின்வாசல்லதான் நிப்பேன்” என்றார்.

“படியில வேண்டாம். உள்ள, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு.”

“சரி, வாரேன்.”

அதே வண்டி வத்திராயிருப்புக்குத் திரும்பும் நேரம். மாற்றுக் கண்டக்டர் புரிந்துகொண்டு முன்பக்கம் போய்விட்டார். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்வரை, காலி சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே, நானும் சங்கரனும் பின்வாசலில் நின்றபடி வந்தோம். ஒரு பெரியவர் இரக்கப்பட்டு, “ஒக்காரும்மா, சிஸ்டரம்மா” என்று எனக்கு இடம் காட்டினார். “அவிய டூட்டியில இருக்காக, ஒக்கார மாட்டாக” என்று சங்கரன் அவருக்குப் பதில் சொன்னார். ஒவ்வொரு நிறுத்தத்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இறங்குகிறவர்களுக்குக் கை கொடுத்தார். ஊர் நெருங்க நெருங்கக் குரல் தானாகத் தணிந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வேலுச்சாமி வண்டியை நிறுத்தியபோது, முதல் ஆளாக இறங்கியது சங்கரன்தான். முந்தைய தடவை ஓடை என்று நம்பி இறங்கிய அதே வாசல்.

டாக்டர் பார்த்தார். மாத்திரை நின்று இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆனாலும் கைமீறவில்லை, மதுரைக்கு அனுப்ப வேண்டாம், இங்கேயே சில நாள் வைத்துக்கொள்வோம் என்றார். தளவாய்புரம் வண்டியில் சொல்லியனுப்பி, மாலைக்குள் பேச்சியம்மாளும் வந்து சேர்ந்தாள். சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“ஆஸ்பத்திரிக் காயிதம் வீட்டுக்குள்ள வரப்படாதுல்லா சிஸ்டர்? மாத்திரையை மட்டும் எடுத்துக்கிட்டு, சீட்டைப் போற வழியிலேயே கம்மாய்த் தண்ணியில விட்டுட்டேன். தலைமுழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனேன். நீங்களும் வாங்கன்னு சொல்லலையே. அப்ப முழுசாச் சொஸ்தமாயிருச்சு, இனி வர வேண்டாம்னு நெனச்சேன். சந்தோசத்துல அழுதுட்டேன் அன்னைக்கு” என்றாள்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். அவள் செய்ததில் என்ன பிழை? கணவன் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்று முறைப்படி செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறாள். முறைப்படி செய்யாதவள் நான்தான்.

அவர் எங்களிடம் இருந்த எட்டு நாளில் வேலையைத் திருத்திக்கொண்டேன். வாசலில் வைத்து எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு விடுவதற்கு முந்தைய நாளே, சாப்பாட்டு நேரத்தில், வியாழக்கிழமை எங்கே உட்கார வேண்டும், சங்கரன் என்றால் எங்கே நிற்க வேண்டும், மாத்திரை யார் தருவார், நான் இல்லாவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்று அவரையும் பேச்சியையும் கூட்டிப்போய் ஆட்களையே காட்டினேன். மதுரைக்கு ஒரு கார்டு எழுதினேன்: “பென்சிலால் எழுதிய சிஸ்டருக்கு. நின்றுகொண்டே வந்து சேர்ந்தார்.” பதில் வரவில்லை. ஆனால் அதற்குப் பின் மதுரையிலிருந்து வந்த கடிதங்களிலெல்லாம் ஓரத்தில் ஒரு பென்சில் வரி இருந்தது. நானும் அனுப்பும்போது எழுத ஆரம்பித்தேன்.

சீட்டுக்கு வழி சொன்னது சங்கரனே. வீட்டுக்குள் வரக் கூடாதென்றால் வண்டியில் இருக்கட்டும் என்றார். வேலுச்சாமி அதை டிரைவர் சீட்டுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் செருகிக்கொண்டார். இன்றைய விதிப்படி நீங்கள் இதைச் செய்யக் கூடாது. நோயாளியின் சீட்டு அடுத்தவர் கையில் இருக்கலாமா என்று கேட்பீர்கள், கேட்பது சரிதான். நாங்கள் சங்கரனைக் கேட்டுத்தான் செய்தோம் என்பது ஒன்றே எங்கள் பக்க நியாயம்.

முதலாளியிடம் மறைப்பதில்லை என்றும் சங்கரனே சொன்னார். டாக்டர் கடிதத்தோடு அவரும் வேலுச்சாமியும் போனார்கள். நான் இங்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து சர்க்கரை மாத்திரையை எடுத்துக் காட்டினாராம். “மாத்திரை திங்கிறவன நம்பலாம்டா. திங்க மாட்டேம்பான் பாரு, அவனத்தான் நம்பக் கூடாது. வியாழக்கிழமை தவறாம போயிருவியா?”

அதற்கு அடுத்த வியாழன். காலை பதினொன்றேகாலுக்கு வாசலில் நீளமாக ஒரு விசில் கேட்டது. ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் போகும், அது உங்களுக்கும் தெரியும். ஜன்னல்களில் நிறையத் தலைகள். தோளில் பையோடு சங்கரன் இறங்கி வந்து, என் மேஜைக்கு முன்னால் நின்றார். நான் ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். டாக்டர் இரண்டு நிமிஷம் பேசினார். மாத்திரையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போனவர் நின்று, திரும்பிப் பார்த்தார்.

“சிஸ்டர், போயிட்டு வாரேன்” என்றார், முழுக் குரலில்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பதறிப்போனார்கள். “ஏலே, ஆஸ்பத்திரியில நின்னு சொல்ற வார்த்தையாலே அது!” என்றார் ஒரு தாத்தா.

“வரத்தான போறேன் தாத்தா. அடுத்த வியாழக்கிழமை” என்றார் சங்கரன். சொல்லிவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார், என் வாயைப் பார்த்துக்கொண்டு. வெளியே பயணிகள் சத்தம் போட்டார்கள்.

என் வேலைக்காலத்தில் முதல் தடவையாக ஒரு நோயாளியைப் பார்த்து, வாய் நிறைய, “போயிட்டு வாங்க” என்றேன்.

வெளியே இரண்டு விசில் கேட்டது. பதிவேட்டை எடுத்து, ‘வந்தார்’ என்று எழுதினேன்.